மௌனத் திரையில் ஒரு சீன முகம்

திரைப்படம் வாய்திறந்து பேசாதிருந்த காலத்தில் நடிகையின் மொழி அவளுடைய முகமே. கண்ணசைவும் இதழின் நடுக்கமும் வசனத்தின் வேலையைச் செய்தன. அம்மொழியில் வல்லவராய் விளங்கியவர் அன்னா மே வொங். அவர் முகத்தின் திறமையை மெச்சிய ஹொலிவூட், அம்முகத்தின் இனத்தைக் காரணங்காட்டி அவருக்கு வேலியும் இட்டது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1905ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி அவர் பிறந்தார். சீன வம்சத்தவரான தந்தையார் அங்கே சலவைச்சாலை நடத்தி வந்தார். 1919இல் வெளிவந்த ‘த ரெட் லாண்டர்ன்’ படத்தில், விளக்கேந்தி வரும் பெண்கள் கூட்டத்தில் ஒருவராகச் சிறுமி அன்னா முதன்முதல் தோன்றினார்.

மூன்றாண்டுகளின் பின், 17 வயதில், ‘த டோல் ஒவ் த சீ’ என்ற வர்ணப் படத்தில் கதாநாயகியானார். தன்னைக் கைவிட்ட அமெரிக்கக் கணவனின் மனைவியிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டுக் கடலை நாடிச் செல்லும் சீனப் பெண்ணின் துயரத்தை, ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்தினார். 1924இல் டக்ளஸ் ஃபெயார்பாங்ஸின் ‘பக்தாத் திருடன்’ அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று.

எனினும் அதன் பின்னும் கிடைத்தவை அடிமைப்பெண், வஞ்சகி, இறுதியில் மடிபவள் என்னும் வேடங்களே. வெள்ளையருடன் பிற இனத்தார் காதல் கொள்வதைத் திரையில் காட்டப் படமுதலாளிகள் அஞ்சினர். கலிபோர்னியாவில் அத்தகைய திருமணத்தைச் சட்டமே 1948 வரை தடுத்து வந்தது.

மனம் நொந்த அன்னா 1928இல் ஐரோப்பா சென்றார். பெர்லினிலும் லண்டனிலும் படங்கள் அவரைத் தேடி வந்தன. 1929இல் வெளியான ‘பிக்காடிலி’யில், இரவு விடுதியின் சமையற்கட்டில் பாத்திரந் தேய்த்து, பின்னர் நர்த்தகியாய் உயரும் பெண்ணாக நடித்தார். அங்கும் கதை முடிவில் அவருக்கு மரணமே விதிக்கப்பட்டது.

பேசும்பட யுகத்திலும் வேலி அகலவில்லை. சீன உழவர் வாழ்வைக் கூறும் ‘த குட் ஏர்த்’ படத்தின் நாயகி வேடத்தை அவர் பெரிதும் விரும்பினார். அது ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குச் சென்றது. ஒஸ்கார் விருதும் ரெய்னருக்கே கிட்டியது. தமக்குக் காட்டப்பட்ட ஆசைநாயகி வேடத்தை அன்னா ஏற்க மறுத்தார்.

1961ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி அவர் மறைந்தார். 2022இல் அமெரிக்க அரசு அவர் முகத்தைப் பொறித்து 25 சத நாணயம் வெளியிட்டது. சீன நாயகியின் வேடத்தையும் அவருக்குத் தர மறுத்த நாட்டிலே, அவர் முகம் இன்று கைக்குக் கை மாறுகின்றது.