பால் போதவில்லை என்று சொல்வதற்கு முன்



பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள், தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தை ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறது, தாய்க்குப் பால் போதவில்லையோ?" என்று அன்போடுதான் கேட்கிறார்கள், ஆனால் பச்சை உடம்போடு படுத்திருக்கும் அந்தப் பெண்ணின் மனத்தில் அந்த ஒரு வார்த்தை எவ்வளவு ஆழமாகத் தைத்துவிடுகிறது என்பதை, என் மகளின் தலைப்பிரசவத்தின்போது நான் கண்ணாரக் கண்டேன்.

பிறந்த சிசுவின் எடை முதல் சில நாட்களில் சற்றுக் குறைவது இயற்கை. நூற்றுக்கு 7 பங்கு வரையில் குறைந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. 10 பங்கை நெருங்கினால் பாலூட்டும் விதத்தை உடனே கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டி, அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுவது பொதுவான கிரமம். என் பேத்தி பிறந்தபோது 2 கிலோ 800 கிராம் இருந்தாள். ஐந்தாம் நாள் 2 கிலோ 560. பன்னிரண்டாம் நாளிலும் 2 கிலோ 590-தான்.

வீட்டில் ஆளுக்கோர் அபிப்பிராயம். சம்பந்தியம்மாள் பூண்டும் பால்சுறாவும் சமைத்துப் போட்டார். பக்கத்து வீட்டார் மாவுப் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுக்கச் சொன்னார்கள். மகளோ, "என் உடம்பிலேதான் ஏதோ குறை, அம்மா" என்று சுவரைப் பார்த்தபடி அழுதாள்.

அச்சமயத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு செவிலியர் அம்மாள். அவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. மகளின் அருகில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வேளை பாலூட்டுவதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரையில் பேசாமல் பார்த்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டுமே பற்றியிருந்தது. உறிஞ்சும்போதெல்லாம் கன்னம் குழிந்தது. நாக்குத் தட்டும் சத்தம் கேட்டதே தவிர, விழுங்கும் ஓசை கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் களைத்துத் தூங்கிவிட்டது. "பால் இருக்கிறது, கண்ணு, அது பாப்பாவின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை" என்றார் அந்த அம்மாள்.

பிறகு, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, காம்பினால் அதன் மேலுதட்டை மெல்லத் தடவி, கொட்டாவி விடுவதுபோல் அது வாயை அகலத் திறக்கும் வரையில் பொறுத்திருந்து, திறந்த கணத்தில் தலையை அழுத்தாமல் முதுகைத் தாங்கி மார்போடு அணைத்தார். காம்பு மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போயிற்று. மோவாய் மார்பில் பதிந்தது. கீழுதடு வெளியே மடிந்தது. சற்று நேரத்தில் 'க்ளுக்' என்று மெல்லிய ஓசை கேட்டது. பன்னிரண்டு நாளாக அந்த அறையில் நாங்கள் கேளாத ஓசை அது.

இறைக்கிற கிணறுதான் ஊறும். மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாகச் சுரக்கும். தேங்கி நின்றால் சுரப்பு குன்றிப்போகும். ஆகவே பகலிலும் இரவிலுமாக 8 முதல் 12 தடவை ஊட்ட வேண்டும் என்றும், தூங்கி வழியும் குழந்தையைத் துணி விலக்கி, உள்ளங்காலை வருடி எழுப்ப வேண்டும் என்றும் சொன்னார். ஊட்டி முடிந்தபின் எஞ்சிய பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டினோம். நம் பாட்டிமார் கையாண்ட அந்தப் பாத்திரம் இன்றும் குறைமாதக் குழந்தைகளைப் பேணும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆயினும் பழைய வழக்கங்கள் எல்லாவற்றையும் அவ்வாறு போற்றுவதற்கில்லை. பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ சேனையாகத் தொட்டு வைப்பதை நாம் விட்டுவிடத்தான் வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் பசியை மந்தப்படுத்தித் தொற்றுக்கும் வழி செய்கிறது. தேனோ ஒரு வயது நிறையும் வரையில் ஆபத்தானது. முதலில் சுரக்கும் சீம்பால் சில துளிகளே ஆனாலும், முதல் நாளில் அந்தச் சிறு வயிற்றுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நாள் தராசு 2 கிலோ 730 கிராம் காட்டியது. இருபத்திரண்டாம் நாள் என் பேத்தி பிறந்த எடையைத் தொட்டாள். அதற்கு முன்பே கொடியில் காய்ந்த துணிகள் எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டன. நாளுக்கு மூன்று நான்காக இருந்த ஈரத்துணிகள் எட்டாகப் பெருகியிருந்தன. முதல் வாரத்தின் முடிவிலிருந்து நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால், பால் உள்ளே போகிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இவ்வளவு எளிதில் தீர்வதில்லை. நாக்கின் அடியில் சவ்வு இறுகியிருக்கலாம். இருதயத்தில் கோளாறு இருக்கலாம். சில தாய்மாருக்கு மெய்யாகவே சுரப்பு குறைவாக இருக்கலாம். அப்போது மருத்துவர் சொல்கிறபடி வேறு பால் சேர்ப்பதில் தாய்க்கு எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் எழுப்பியும் எழாமல் குழந்தை துவண்டு கிடந்தாலும், பால் குடிக்கையில் மூச்சிரைத்து வியர்த்தாலும், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.