மாங்கொட்டையின் நார்

பட்டம் வாங்கப்போகும் பிள்ளைகளே, கடைசி வரிசையில் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று கடிகாரம் பார்க்கும் பெற்றோர்களே!

நான் நோயியல் மருத்துவர். நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் பார்க்காத டாக்டர். என் மேசைக்கு வருவது மெழுகில் பதித்த சதைத் துணுக்கு. அதை நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். செல்லின் உட்கரு ஊதாவாகத் தெரியும், சுற்றியுள்ளது இளஞ்சிவப்பு. மார்பகக் கட்டி என்றால் கண் ஊதாவுக்குத்தான் ஓடும். இளஞ்சிவப்பை, வரப்பைத் தாண்டுவதுபோலப் பல வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்த இளஞ்சிவப்பில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம். “கல்லு மாதிரி தட்டுப்படுதுங்க” என்று பெண்கள் வருகிறார்களே, அந்தக் கடினத்துக்குப் பெருங்காரணம் கட்டியிலும் அதைச் சுற்றியும் திரண்ட இந்த நார்தான். கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்கள் கண்தான் பிந்தியது.

2006-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாவ்லோ ப்ரோவென்சானோ, பட்ரிசியா கீலி குழுவினர் எலிகளின் மார்பகக் கட்டிகளைச் சாயமே இல்லாமல் பார்த்தார்கள். அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், கொலாஜனில் இரண்டு ஒளித்துகள்கள் ஒன்றாகி, பாதி அலைநீளத்தில் வெளியேறும். நார் தானாக மின்னும்.

என்ன தெரிந்தது? நாம் கூடியிருக்கும் இந்த மத்தூரில் இதைச் சொல்வது சுலபம். எல்லோரும் மாங்கொட்டை சப்பியவர்கள்தானே! கட்டி வளரும்போது நார் அதை இறுக்கிச் சுற்றிக் கிடக்கும். பிறகு சில இடங்களில், சப்பிப்போட்ட கொட்டையில் நார் சிலிர்த்து நிற்குமே, அப்படி விளிம்புக்குச் செங்குத்தாக நிமிர்ந்துவிடும். அந்த நாரைப் பிடித்துக்கொண்டு புற்றுச்செல்கள் வெளியே நடக்கின்றன. 2011-ல் 196 நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்தபோது, நார் இப்படி நின்றவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது.

கொலாஜன் நமக்கு வெளியூர்ச் சரக்கல்ல. 1954, 55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று இழை முறுக்கிய கயிறு என்று காட்டினார்கள். அதற்கு உதவியது கங்காரு வாலின் தசைநாண்; கொடுத்தது சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்பதே கொலாஜன்தான், வாணியம்பாடிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கயிற்றின் முறுக்குக்குத் திசை உண்டு. லேசரின் இரண்டு ஒளித்துகள்கள் அதில் ஒன்றாவது அதனால்தான். அதே 1954-ல், அதே சென்னையில், முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். கயிற்றை அவிழ்த்தவர்களும் கட்டியோடு போராடியவரும் ஒரே ஊர். இரண்டும் ஒரு படத்தில் சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்த லேசர்க் கருவி விலை அதிகம். ஆஸ்பத்திரிகளில் அன்றாடச் சோதனையாக இன்னும் வரவில்லை. நாரின் கோணத்தை அளப்பது கணினி நிரல். ஆகவே கணினி படித்தவர்கள் ‘இது டாக்டர் சமாச்சாரம்’ என்று கொட்டாவி விட வேண்டாம்.

பயிற்சிக்கு வைத்திருக்கும் கண்ணாடித் தகடு இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். சாதாரண இளஞ்சிவப்புதான். விலங்கியல் துறையில் மைக்ராஸ்கோப் இருக்கிறதாம். பட்டம் வாங்கியதும் வாருங்கள். கட்டியின் ஓரத்துக்குத் தகட்டை நகர்த்தி வைத்திருப்பேன்.