நெல் வயலுக்கு நடுவே ஒரு மேடை



பாட்டுக் கேட்பதற்காகச் சென்னையிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரைக்கும் போக வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். போய்த்தான் வந்தேன். இன்று உங்களையும் அங்கே கூட்டிப் போகிறேன். ஊரின் பெயர் ஜிரோ. கீழ் சுபன்சிரி மாவட்டத்தில், ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில், நான்கு பக்கமும் பைன் மரக் குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம், அதைவிட நல்ல குளிர்.

கௌகாத்தியில் இரவு ரயில் ஏறினால் விடிந்ததும் நாகர்லகூன். அங்கிருந்து சுமோ வண்டியில் ஆளோடு ஆள் நெருக்கி உட்கார்ந்து மலை ஏற வேண்டும். பாதை வளைந்து வளைந்து போகும், மழைக்காலத்துச் சேறு வேறு. நான்கு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கடைசித் திருப்பத்தில் வண்டி இறங்கியபோது என்னோடு வந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கீழே முழுக்கப் பொன்னிறம். செப்டம்பர் கடைசி, கதிர் முற்றி நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயலைத் தூக்கி மலை உச்சியில் வைத்தது மாதிரி இருந்தது.

அது அபதானி மக்களின் பூமி. அந்த வயலில் ஏரும் இல்லை, மாடும் இல்லை. எல்லாம் கை வேலை. நெல்லுக்குக் கட்டிய தண்ணீரிலேயே மீன் வளர்க்கிறார்கள். வயலுக்குள் சின்னக் குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றும்போது மீன் அதில் போய்ச் சேர்ந்துகொள்ளும். வரப்பையும் சும்மா விடவில்லை. அதன்மேல் கேழ்வரகு. ஆமாம் நேயர்களே, நம்முடைய கேழ்வரகேதான். தெரியாத ஊரில் தெரிந்த பயிரைப் பார்த்ததும் உறவுக்காரரைப் பார்த்தது போல ஒரு சந்தோஷம் வந்தது. இந்த நிலத்தையும் வாழ்முறையையும் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த வயல்களை ஒட்டித்தான் ஆண்டுதோறும் ஜிரோ இசை விழா. 2012-இல் அந்த மண்ணைச் சேர்ந்த பாபி ஹானோவும், டெல்லியின் மென்வோபாஸ் குழுவில் கிடார் வாசிக்கும் அனூப் குட்டியும் சேர்ந்து தொடங்கியது. சினிமாவையும் பெரிய இசைக் கம்பெனியையும் நம்பாமல், தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, கைக்காசைச் செலவழித்துப் பதிவு செய்து பாடுகிறவர்களைச் சுயாதீன இசைக்கலைஞர்கள் என்கிறோம் அல்லவா, அவர்களுக்கான விழா இது. அமெரிக்காவின் சோனிக் யூத் குழுவில் இருந்த லீ ரனால்டோவும் ஸ்டீவ் ஷெல்லியும் 2014-இல் இங்கே வந்து வாசித்தார்கள். வடகிழக்கு இசைமேல் எனக்கு ஆசை வந்தது மணிப்பூரின் குரு ரூபென் மஷங்வாவின் பதிவுகளால். தங்குல் நாகா மக்களின் பாட்டையும் ப்ளூஸ் இசையையும் ஒன்றாகக் கலந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வீட்டில் ஹெட்போனில் கேட்ட அந்த மண்ணின் குரலை நேரில் கேட்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

மேடை இரண்டு. ஒன்று பகலுக்கு, அதற்குச் சூரியனின் பெயர், தான்யி. மற்றது இரவுக்கு, அதற்குச் சந்திரனின் பெயர், பீலோ. சூரியனையும் சந்திரனையும் வணங்குகிற மக்கள் வைத்த பெயர்கள். மேடை முழுவதும் மூங்கில். உள்ளூர்க் கைவினைஞர்கள் கட்டியது. நிகழ்ச்சி தொடங்குமுன் பகல் மேடையின் ஓரத்தில் ஒரு காலைத் தொட்டுப் பார்த்தேன். மூங்கிலைச் சீவி எடுத்த பட்டையை நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இறுக்கியிருந்தார்கள். விரலால் நெம்பியும் அசையவில்லை. அதன்மேல் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஏழெட்டுப் பேர். தரை லேசாக அதிரும். பேஸ் கிடாரின் ஒவ்வொரு அடியும் மூங்கில் வழியாக இறங்கி, முன்னால் புல்லில் உட்கார்ந்திருப்பவர்களின் உடம்புக்கு வந்து சேரும். எந்தக் குளிர்சாதன அரங்கிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

முதல் நாள் பகலில் மூன்று குழுக்களைக் கேட்டேன். இரண்டு சுமாராகத்தான் இருந்தன, சத்தம் அதிகம், பாட்டுக் குறைவு. மூன்றாவதாக நாகாலாந்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தங்கள் கருவிகளைத் தாங்களே சுமந்து வந்து, ஒயரைத் தாங்களே பிரித்து மாட்டினார்கள். காலையில் பெய்த மழையின் ஈரத்தில் கிடார் சுருதி நிற்கவே இல்லை. அந்த இளைஞர் திருகாணியைத் திருகுவதும், காதருகே வைத்துக் கேட்பதும், மறுபடி திருகுவதுமாக இருந்தார். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். கூட்டத்தில் ஒருவர்கூட விசில் அடிக்கவில்லை. சுருதி சேர்வதற்காக நூற்றுக்கணக்கான பேர் மழைச் சேற்றில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நேயர்களே, பாடுகிறவருக்கு நாம் கொடுக்கக்கூடிய முதல் மரியாதை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு பாடினார்கள். ஒருவர் ஒரு வரியைத் தொடங்க, அது முடிவதற்குள் இன்னொருவர் கீழ்க் குரலில் அதன்மேல் ஏறிக்கொள்கிறார். மொழி புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் பின்னல் எனக்குத் தெரிந்திருந்தது. அனுஷ்கா மீனாட்சியும் ஈஸ்வர் ஸ்ரீகுமாரும் எடுத்து 2017-இல் வந்த ‘கோ கி பா லூ’ என்ற ஆவணப்படத்தில் கேட்டிருக்கிறேன். நாகாலாந்தின் பெக் ஊரில், படிப்படியான வயல்களில் வேலை செய்கிறவர்கள் குழுவாகச் சேர்ந்து பாடும் பாட்டுகள் அவை. சோக்ரி மொழியில் ‘லி’ என்பார்கள். நம் ஊரில் நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். வயலில் பிறந்த பாட்டு கிடார் துணையோடு இன்னொரு வயலின் ஓரத்தில் ஒலித்தது. மேடைக்குப் பின்னால் நிஜமாகவே நெற்கதிர் அசைந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே பொழுது சீக்கிரம் சாயும். ஐந்து மணி சுமாருக்கு இருட்டத் தொடங்கிவிடுகிறது. சாப்பாட்டுக் கடைகளில் அபதானிப் பெண்கள் பன்றி இறைச்சியும் மூங்கில் குருத்தும் சேர்த்துச் சமைத்த குழம்பைச் சோற்றோடு கொடுத்தார்கள். மூங்கில் குவளையில் அரிசிக் கள். கடையில் இருந்த மூதாட்டியின் முகத்தில், நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு பச்சைக் கோடு, மூக்கின் இரு பக்கமும் கருப்புக் குமிழ். இப்படிப் பச்சை குத்தி மூக்கில் குமிழ் அணியும் வழக்கத்தை அபதானி மக்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள், முதியவர்களிடம் மட்டும் இருக்கிறது. படம் எடுக்கலாமா என்று ஒருவர் சைகையில் கேட்டார். பாட்டி வேண்டாம் என்று தலையசைத்தார், கேட்டவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

தட்டோடு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் அந்த நாகாலாந்துப் பாடகர்களில் ஒருவர். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். பாட்டுப் புரிந்ததா என்றார். சொல் புரியவில்லை, மெட்டுப் புரிந்தது என்று சொல்லி, கேட்டதை மெல்ல முணுமுணுத்துக் காட்டினேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மூங்கில் மேசையில் விரலால் தட்டி, “இங்கே ஒரு மூச்சு விடணும், அண்ணா. குனிஞ்சு நாத்து நடற இடம் அது” என்று இந்தியில் சொன்னார். மறுபடி பாடினேன். சரி என்று தலையாட்டினார். பாட்டுக்குள் இருந்த அந்த இடைவெளி ஓர் உழைப்பாளி இடுப்பை வளைக்கிற நேரம். நூறு தடவை பதிவில் கேட்டாலும் எனக்கு இது தெரிந்திருக்காது. நேரில் போய்க் கேட்பதற்கு வேறு காரணமே வேண்டாம்.

அடுத்த நாள் இரவு பீலோ மேடையில் பெரிய பெயர்கள், வண்ண விளக்குகள், ஆட்டம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூடுபனி இறங்க இறங்க, என் மனம் அந்தப் பகல் மேடையிலேயே நின்றுவிட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். விழா பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் நடக்கும். வெளி மாநிலத்தவர் அருணாசலத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கட்டாயம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் இல்லாமல் போகாதீர்கள். அபதானி கிராமத்துக்குள் நுழைந்தால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். குப்பையை உங்கள் பையிலேயே திருப்பிக் கொண்டு வாருங்கள், அந்தத் தண்ணீரில் மீன் வளர்கிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உங்கள் ஊரிலேயே பாருங்கள். சொந்தப் பாட்டை எழுதி, கல்லூரித் திடலிலோ கடற்கரையிலோ பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் சுருதி சேர்க்கும்போது, தயவுசெய்து எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.