மனச்சோர்வு குலக்குறையன்று
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்மைக்கால வைத்திய ஆராய்ச்சிகள் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் பணித்தார். பொருளோ பெருங்கடல். அதிலே பரம்பரையலகு, நுரையீரற் படம், மனச்சோர்வுச் சிகிச்சை என்னும் மூன்று துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்றும் நம் வன்னி மண்ணின் ஒரு துயருக்கு விடை கூறுகின்றமையே அதற்குக் காரணம். அத்துயர் மனச்சோர்வு.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2011 இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. வன்னி மக்களோ செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கில் அடைபட்டிருந்தனர். அவர்களைப் பற்றி 2010 இல் எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் கிராமமும் சேர்ந்தே காயப்பட்டன என்று எடுத்துக்காட்டினார்.

காய்ச்சலென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாம், மனச்சோர்வென்றால் கதவைச் சாத்திக்கொள்கின்றோம். ஏன்? நம்மிடையே வழங்கும் இரண்டு பேச்சுக்களே காரணம்.

முதற் பேச்சு, "அது அவையின்ர பரம்பரையில இருக்குது" என்பது. இந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே, கலியாணம் பேசும் வயதிலுள்ள பிள்ளையைப் பெற்றோர் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லத் தயங்குகின்றனர். விஞ்ஞானம் சொல்வதென்ன? 2025 ஜனவரியில் வெளியான பேராய்வொன்று 29 நாடுகளைச் சேர்ந்த 50 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பரம்பரையலகுகளை ஒப்பிட்டது. மனச்சோர்வுடன் தொடர்புள்ள ஏறத்தாழ 700 சிறு மாற்றங்களை அது கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிக அற்பம். அவற்றிற் பலவற்றை இம்மண்டபத்திலுள்ள நாம் எல்லோருமே சுமக்கின்றோம். இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தோரும், இந்நோயிலே பரம்பரையின் பங்கு பாதிக்கும் குறைவென்றே கண்டனர். எஞ்சியது வாழ்க்கையிலே நேரும் இழப்பும் வறுமையும் தனிமையும் போன்றவற்றின் பங்காகும். ஆகவே, "கெட்ட குடும்பம்" என்று ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டுவதற்கு விஞ்ஞானத்திலே ஆதாரமில்லை.

இரண்டாம் பேச்சு, "உடம்பிலே ஒன்றுமில்லை, எல்லாம் சோம்பல்" என்பது. கண்ணுக்குத் தெரியாதது நோயன்று என்பது இதன் கருத்து. நுரையீரலின் கதையைக் கேளுங்கள். 1895 இல் றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிக்கும் வரை, உயிருள்ள மனிதனின் நெஞ்சுக்குள்ளே காசநோய் செய்யும் அழிவைக் கண்ணாற் காண வழியிருக்கவில்லை. பின்னர் சி.ரி. படம் வந்தது. அதுவும் எல்லாவற்றையும் காட்டிவிடவில்லை. கோவிட் நோய் தீர்ந்த பின்பும் மூச்சுவாங்கிய சிலரின் சி.ரி. படத்திலே குறையெதுவும் தோன்றவில்லை. அவர்களைச் செனன் என்னும் வாயுவைச் சுவாசிக்கச் செய்து, எம்.ஆர்.ஐ. முறையாற் படமெடுத்தபோது, காற்று இரத்தத்தோடு சேருமிடத்திலே பழுது தெரிந்தது. "ஒன்றுமில்லை" என்று வீட்டார் சொன்ன காலத்திலும் அவர்களுக்கு மூச்சுவாங்கியது மெய்தானே! கருவி காட்டவில்லை என்பதற்காக நோய் இல்லையென்று ஆகிவிடாது. மனச்சோர்வை உறுதிப்படுத்தும் எக்ஸ்றே இன்றும் இல்லை. நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, "நான் பாரம்" என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கின்றனவா என்று பரிவோடு கேட்டறியும் செவியே இங்கு கருவி.

சிகிச்சையின் வரலாறும் நுரையீரலிலேயே தொடங்கிற்று என்பது வியப்பான செய்தி. 1952 இல் நியூயோர்க் நகரின் சீ வியூ ஆஸ்பத்திரியிலே காசநோயாளருக்கு இப்ரோனியசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. வாடிக் கிடந்தோர் எழுந்து உற்சாகமாக நடமாடினர். மருந்து மனத்தையும் தொடுகிறது என்பதை வைத்தியர்கள் உணர்ந்தனர். ஈரலுக்குத் தீங்கு செய்தமையால் அது பின்னர் கைவிடப்பட்டாலும், அது திறந்த வழியிலே பாதுகாப்பான பல குளிசைகள் வந்தன. வேறு மருந்துகளுக்கு வசப்படாத சோர்வுக்கென எஸ்கெற்றமின் என்னும் மருந்தை அமெரிக்கா 2019 இல் அங்கீகரித்தது. ஆயினும் பழைய குளிசைகளும், முறையான உளவளத்துணையுமே இன்றும் பெரும்பாலோருக்கு உதவுபவை. குளிசை வேலை செய்யச் சில வாரங்கள் செல்லும். வைத்தியரைக் கேளாமல் அதை இடையில் நிறுத்தலாகாது.

"மகனை இழந்த தாய்க்குக் குளிசை மகனைத் தருமோ?" என்று ஒரு பெரியவர் கேட்கலாம். தராது, ஐயா. காணாமற் போனவரைத் தேடும் தாய்க்கு நீதியையும் அது தராது. ஆனால் உறங்கவும் உண்ணவும் எஞ்சிய பிள்ளைகளைப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பு வேண்டும். அத்தெம்பை மீட்க அது உதவக்கூடும். கோவிலிலே நேர்த்தி வைப்பதை எவரும் தடுக்கவில்லை. நேர்த்தியும் நடக்கட்டும், கிளினிக்கும் நடக்கட்டும்.

தற்கொலையும் தடுக்கக்கூடியதே. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு வீழ்ந்தது. கொடுமையான அந்த நாழிகையைக் கடத்திவிட்டால் மனிதன் வாழ்கின்றான் என்பதே இதன் பாடம். தற்கொலை முயற்சி குற்றமென்னும் சட்டமும் 1998 இல் நீக்கப்பட்டது. சட்டமே மன்னித்ததை அயலவர் மன்னிக்காதிருப்பது முறையோ?

இளைஞர்களே! கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளிலே உளநலச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் பேசலாம். ஆயினும் உள்ளூரிலிருந்து பஸ் ஏறித் தனியே செல்ல, சோர்வுற்றவருக்கு மனம் வராது. கூடச் செல்ல ஒருவர் வேண்டும். திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும் நம் சங்கம், கிளினிக் நாளிலே ஒருவரைக் கூட்டிச் செல்வதையும் தொண்டாக ஏற்கட்டும். சென்றதை ஊருக்குச் சொல்லாமல் வாயடக்கிக் காப்பது அதனினும் பெரிய தொண்டு. பெரியோர்களே, கலியாணப் பேச்சிலே "அந்த வீட்டில் யாராவது கிளினிக்குக்குப் போனவையோ?" என்று விசாரிக்கும் வழக்கத்தை நீங்களே நிறுத்த வேண்டும். உங்கள் சொல்லுக்குத்தான் ஊர் அடங்கும்.