சராசரி வேகமும் சாரதியின் நேரமும்



தெருவிலே அளவுக்கு மீறிய வேகத்தில் செல்லும் வண்டிகளைக் கண்டுபிடிப்பதற்குப் பொலிசார் நெடுங்காலமாகக் கையாண்ட வழி, ஓரிடத்தில் நின்று அவ்விடத்தைக் கடக்கும் வண்டியின் வேகத்தை அளப்பதாகும். பிற்காலத்தில் அவர்களுடைய வேலையைக் கமரா ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய குறை நீங்கவில்லை. கமரா நிற்குமிடம் சாரதிக்குப் பழக்கமாகிவிடுகிறது. அதை நெருங்கும்போது வேகத்தைத் தணிக்கிறார். கடந்தபின் முன்னிலும் விரைந்து செல்கிறார்.

இக்குறையை நீக்க எழுந்ததே சராசரி வேகத்தைக் கணிக்கும் முறை. ஒரு தெருப்பகுதியின் இரு முனைகளிலும் கமராக்கள் வண்டியின் இலக்கத் தகட்டையும், அது கடந்த நேரத்தையும் பதிவு செய்கின்றன. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் புலப்படும். கமராவின் முன் மாத்திரம் அடங்கி நடப்பதனாற் பயனில்லை. வழி முழுவதும் அடக்கம் வேண்டும்.

தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணம் இம்முறையை 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஆர் 61 என்னும் பெருந்தெருவிலே தொடங்கியது. காரூ என்னும் வறண்ட பெருவெளியினூடாக, போபோர்ட் வெஸ்ட்டிலிருந்து அபர்டீன் செல்லும் வழியில் ஏறத்தாழ 72 கிலோமீற்றர் நீளமான பகுதி அது. கேப் டவுனில் உழைப்போர் கிழக்குக் கேப்பிலுள்ள தம் ஊர்களுக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றாகிய இத்தெருவில், சொந்தக் கார்களும், பிரயாணிகளை ஏற்றும் சிற்றூர்தி டாக்சிகளும் இரவு பகலாக ஓடுகின்றன.

ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர் இவ்விரு வகை வண்டிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கார்களின் வேகம் சட்டத்துக்கு அமைந்து வந்தது. டாக்சிகளிடத்தோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதே டாக்சிச் சாரதிகள் பலருக்குத் தெளிவாக விளங்கியிருக்கவில்லை.

ஒரே தெரு, ஒரே கமரா. பயன் மட்டும் ஏன் வேறுபட்டது?

காருக்கு மணிக்கு 120 கிலோமீற்றர் எல்லை, டாக்சிக்கு 100. அப்பகுதியைக் கார் 36 நிமிடத்திற் கடக்கலாம். டாக்சிக்கு 43 நிமிடம் வேண்டும். ஏழு நிமிடந்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் 1,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம் முழுவதற்கும் கணக்கிட்டால், வேறுபாடு ஒன்றரை மணித்தியாலத்தையும் தாண்டிவிடும். சாரதிகள் பலர் வண்டியின் சொந்தக்காரர் அல்லர். குறித்த தொகையை உரிமையாளருக்குச் செலுத்திவிட்டு, எஞ்சியதைக் கொண்டே குடும்பத்தைக் காக்கின்றனர். விரைந்து திரும்பினால்தான் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கலாம். தண்ட அறிவித்தலோ, வண்டி எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ அவருடைய விலாசத்தைத் தேடிச் செல்கிறது. தவறு நிகழ்ந்த வேளைக்கும் தண்டனை தெரியவரும் வேளைக்கும் இடையே நாட்கள் பல கழிந்துவிடுகின்றன. தமக்கு விளங்காததும், உடனே தம்மைத் தொடாததுமான ஒரு கட்டுப்பாட்டுக்கு அவர் எங்ஙனம் பணிவார்?

இவ்வாறு கூறுவது வேகத்துக்கு நியாயம் கற்பிப்பதாகாது. டாக்சிக்குள்ளே பதினைந்து உயிர்கள் இருக்கின்றன. நெடுவழியில் இரவு முழுதும் விழித்திருக்கும் ஒருவரின் கைகளில் அவ்வுயிர்கள் ஒப்படைக்கப்பட்டுள்ளன. களைப்பும் வேகமும் ஒன்றுசேரும் இடத்தில் சிறு பிழையும் பெருங் கேடாகும். ஆகவே எல்லையைக் காக்க வேண்டிய கடமை கார்ச் சாரதியிலும் இவருக்கே அதிகம்.

அக்கடமையை நிறைவேற்ற அவருக்கு வழியும் வேண்டும். கமரா கணக்கிடும் முறையை டாக்சித் தரிப்பிடங்களிலேயே, அவர்கள் பேசும் மொழியில் விளக்குதல் வேண்டும். தண்டம் ஓட்டியவரையும், அவசரத்தால் ஆதாயம் பெறும் உரிமையாளரையும் சேர வேண்டும். நீண்ட பயணத்துக்கு இரண்டாவது சாரதி ஒருவரும், நிலையான வேதனமும் கிடைக்குமாயின், விரைய வேண்டிய நெருக்கடி பெரிதும் தணியும்.

கருவி நேரத்தைச் சரியாக அளந்துவிடும். அந்த நேரத்துக்குச் சாரதி கொடுக்கும் விலையையும் அளந்து பார்க்கும் பொறுப்பு, சட்டம் இயற்றுவோரைச் சார்ந்தது.