வைட்டமின் டி அளவும் புற்றுநோயாளரின் வாழ்நாளும்



பொருளாதாரம் பயின்ற ஒருவன் மருத்துவத்தைப் பற்றிப் பேச முற்படுவானேன் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். மருந்தைப் பற்றி நான் பேச வரவில்லை. சான்றைப் பற்றியும் செலவைப் பற்றியுமே பேச வந்திருக்கிறேன். இவ்விரண்டும் நமது துறைக்குரியவை.

முற்றிய புற்றுநோய் உள்ளவர்களில், குருதியில் வைட்டமின் டி குறைவாக உள்ளோர் விரைவில் இறக்கின்றனர் எனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. பெருங்குடல் புற்றுநோயில் இத்தொடர்பு பலமுறை காணப்பட்டுள்ளது. அப்படியானால் வைட்டமினைக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று உடனே தோன்றும். இங்கேதான் நிதானம் தேவைப்படுகிறது.

நோய் முற்றியவர் வீட்டைவிட்டு வெளியே செல்வதில்லை; அவர்மேல் வெயில் படுவதில்லை. உணவு குறைகிறது, உடலின் அழற்சியும் குருதியிலுள்ள அளவைத் தாழ்த்துகிறது. எனவே வைட்டமின் குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் வைட்டமின் குறைந்ததா என்பதை இக்கணக்குகள் சொல்லமாட்டா. வங்கிக் கிளை உள்ள ஊர்களில் வருமானம் மிகுதி என்று கண்டு, கிளையே வருமானத்தை உயர்த்தியது என எழுதும் அறிக்கைகளை நாம் படித்ததில்லையா? வருமானம் உள்ள ஊரைத் தேடிக் கிளை வந்திருக்கலாமே!

இக்குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதிப்பதாகும். அமெரிக்காவில் பரவிய பெருங்குடல் புற்றுநோய் கொண்ட 139 பேருக்கு, வழக்கமான மருந்துச் சிகிச்சையுடன், ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 4,000 அலகும் மற்றப் பிரிவினருக்கு 400 அலகும் வைட்டமின் டி தரப்பட்டது. 2019-ல் முடிவு வெளியாயிற்று. நோய் மேலும் வளராதிருந்த காலம் முதற் பிரிவில் 13 மாதம். மற்றதில் 11 மாதம். ஆயினும் ஆயுளில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. நம்பிக்கை பிறந்தது, நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு பெரிய சோதனை நடத்தப்பட்டது. 2025-ல் வெளியிடப்பட்ட அதன் முடிவு அந்தப் பயனை உறுதிப்படுத்தவில்லை. சிறு சோதனை தந்த நம்பிக்கை பெரிய சோதனையில் கரைவது புதிதன்று. முன்னோடித் திட்டங்களை மாநிலம் முழுதும் விரிக்கும்போது நாம் காண்பதும் இதுவே.

நலமாயிருந்த 25,871 பேரிடம் அமெரிக்காவில் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2018-ல் வெளிவந்தது. நாளுக்கு 2,000 அலகு உட்கொண்டும் புற்றுநோய் வரும் எண்ணிக்கை குறையவில்லை. பின்னர் 2020-ல் செய்த மறு பகுப்பாய்வில், முற்றிய நோயும் நோயால் நேரும் மரணமும் சேர்ந்து ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. இது கவனிக்கத்தக்கது. எனினும், நோய் வருமுன் உட்கொண்டவரைப் பற்றிய கணக்கை நோய் முற்றியவருக்குப் பொருத்துதல் முறையன்று.

ஸ்வீடனில் 2021-ல் வெளியான ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது. வைட்டமின் குறைவாயிருந்த, இறுதிநிலைப் பராமரிப்பில் உள்ள 244 பேர் அதில் சேர்க்கப்பட்டனர், 12 வாரம் 4,000 அலகு பெற்றோருக்கு அபினி வகை வலிநிவாரணியின் தேவை மெதுவாகவே கூடியது, சோர்வும் குறைந்தது. வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆயுளை நீட்டுதல் இதன் முதன்மை நோக்கமன்று. இருப்பினும் எனக்கு இதுவே பயனுள்ள ஆய்வாகத் தோன்றுகிறது.

நமது நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வைட்டமின் டி குறைபாடோ பரவலாக உள்ளது. எலும்பின் நலத்துக்காக அதைச் சரிசெய்வது நியாயமே. பாலிலும் சமையல் எண்ணெயிலும் இச்சத்தைச் சேர்ப்பதற்கான விதிகள் 2018-ல் வகுக்கப்பட்டன. ஆனால் 60,000 அலகுப் பொட்டலங்களைத் தாமாகவே வாங்கி உண்போர் ஓர் அபாயத்தை அறியவேண்டும். முற்றிய புற்றுநோயே சிலருக்குக் குருதியில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக்கும். அளவுமீறிய வைட்டமின் அதனை மேலும் கூட்டிவிடும். குருதிப் பரிசோதனைக் கட்டணமோ மருந்தின் விலையைப் பன்மடங்கு மிஞ்சுகிறது.

மருத்துவமனைக் கொள்முதல் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, மார்ஃபின் மாத்திரை அதில் இடம்பெற்றுள்ளதா என்று முதலில் நோக்குங்கள். மருத்துவத் தேவைக்கு அது எளிதாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. அது இல்லையேல், வைட்டமின் வரிசையைப் பிறகு பார்க்கலாம்.