நாளை வருகிறேன்: ஜெர்மன் இலக்கணத்தில் எதிர்காலம்



தமிழ் மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் ஜெர்மன் இலக்கணம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் ஜெர்மனை மூன்றாம் மொழியாகப் பயிலும் வாய்ப்பு உண்டு. அங்குச் செல்லும் தமிழ் மாணவர் ஒருவர், 'அந்நாளில் தாத்தா கதை சொல்வார்' என்பதை ஜெர்மனில் எழுத முற்படுவதாகக் கொள்வோம். 'சொல்வார்' என்பது எதிர்கால வினைமுற்று என்று தமிழ் வகுப்பில் நாம் கற்பித்திருக்கிறோம். அவரும் அதை நம்பி ஜெர்மன் எதிர்கால வடிவத்தையே எழுதுகிறார். மறைந்துபோன தாத்தா இனிமேல்தான் கதை சொல்லப் போகிறார் என்று பொருளாகிவிடுகிறது. பிழை மாணவருடையது, ஆயினும் அதற்கு வித்திட்டவர்கள் நாமே. ஆகவே இப்பொருளை இங்கே பேசுவது தகும் எனக் கருதினோம்.

ஜெர்மானியர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது மிகுதியும் வழங்குவது நிகழ்கால வினையையே. 'இஹ் கொம்மெ மோர்கென்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நான் வருகிறேன் நாளை' என்றாகும். 'மோர்கென்' என்ற சொல் காலத்தைச் சுட்டிவிட்டமையால், வினையும் அதைச் சுட்ட வேண்டியதில்லை. (இச்சொல்லே 'காலை'யையும் குறிக்கும். ஆதலால் 'நாளைக் காலை' என்பதற்கு இதனை இருமுறை அடுக்காமல் 'மோர்கென் ஃப்ரூ' என்பர்.) காலங்காட்டும் சொல் இல்லாவிடினும், 'வருதல்', 'அடைதல்', 'கண்டுபிடித்தல்' போல ஒரு முடிவை எட்டும் வினைகள் நிகழ்கால வடிவிலேயே எதிர்காலப் பொருளை எளிதில் தரும். 'தூங்குதல்', 'இருத்தல்' போல நீடிக்கும் வினைகள் அவ்வாறு எளிதில் தருவதில்லை. அவற்றுக்குச் சூழலோ காலச்சொல்லோ துணை நிற்க வேண்டும்.

நம் வகுப்பறைகளில் 'நாளை வருகிறேன்' என்று எழுதிய மாணவருக்குச் சிவப்பு மையால் 'வருவேன்' என்று திருத்துவது உண்டு. நாமும் அவ்வாறு திருத்தியவர்களே. ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் முக்காலமும் ஏற்ற இடத்தில் பிறழலாம் என நன்னூலார் இடம் தந்திருக்கிறார். விரைவுப் பொருளில் வாராக் காலத்தை இறந்த காலத்தால் கூறுவதைத் தொல்காப்பியரும் ஏற்கிறார். உணவுக்கு அழைத்தால் நாற்காலியைவிட்டு எழாமலே 'இதோ வந்துவிட்டேன்' என்கிறோம் அல்லவா?

இனி, எதிர்கால வடிவம் என்று ஜெர்மன் பாடநூல்கள் காட்டும் 'வேர்டென்' என்னும் துணைவினைக்கு வருவோம். இதன் அடிப்படைப் பொருள் 'ஆதல்'. இதன் படர்க்கை ஒருமை 'விர்ட்'. மூன்று தொடர்களைப் பாருங்கள். 'எர் விர்ட் க்ராங்க்' என்றால் அவர் நோயுறுகிறார். 'எர் விர்ட் ஓப்பெரியெர்ட்' என்றால் அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. 'எர் விர்ட் க்ராங்க் ஸைன்' என்றால் அவர் நோயுற்றிருப்பார். அயல்நாட்டில் பயிலும் மகனைப் பற்றி இம்மூன்றுள் ஒன்று செய்தியாக வந்தால், எது வந்தது என்பது பெற்றோர்க்குச் சிறிய வேறுபாடு அன்று.

மூன்றாம் தொடரை மீண்டும் கவனியுங்கள். எதிர்கால வடிவில் இருந்தாலும், காலச்சொல் இன்றி வரும்போது அது பெரும்பாலும் எதிர்காலத்தைக் குறிப்பதில்லை. இன்றைய நிலையைப் பற்றிய ஊகத்தையே குறிக்கிறது. ஊகத்தை வெளிப்படையாக்க 'வோல்' என்னும் இடைச்சொல்லையும் சேர்ப்பர். இதை ஆங்கில வழியாக விளக்க முயன்று பலர் இடர்ப்படுகின்றனர். தமிழ் மாணவர்க்கோ விளக்கமே தேவையில்லை. 'அப்பா இந்நேரம் வீட்டில் இருப்பார்' என்பதில் 'இருப்பார்' செய்யும் வேலையும் அதுவே. 'படித்திருப்பார்' என்பது இன்னும் வியப்பானது. 'நேற்றே படித்திருப்பார்' என்றால் சென்ற காலத்து ஊகம். 'நாளைக்குள் படித்திருப்பார்' என்றால் வருங்காலத்தில் முடிவுறும் செயல். ஜெர்மன் மொழியின் இரண்டாம் எதிர்காலம் என்னும் வடிவமும் இவ்விரு பொருளையும் அப்படியே சுமக்கிறது. இந்த ஒப்புமையை வகுப்பில் பயன்படுத்தாமல் விடுவது பெரும் இழப்பு.

இதன் காரணம் வரலாற்றில் உள்ளது. பழைய உயர் ஜெர்மன் மொழியில் எதிர்காலத்திற்கெனத் தனி வினைவடிவம் இல்லை. இலத்தீன் நூல்களைப் பெயர்த்த துறவியர் அங்குள்ள எதிர்கால வினைகளுக்கு நிகழ்காலத்தையே பெரிதும் ஆண்டனர். சிலபோது 'கடன்' எனப் பொருள்படும் துணைவினையைச் சேர்த்தனர். இடைக்காலத்தில் 'வேர்டென்' வேறு வினைகளோடு கூடி, ஒரு செயல் தொடங்குவதைக் குறித்தது. பின்னர் 16ஆம் நூற்றாண்டளவில் அது எதிர்கால வடிவமாக நிலைபெற்றது. பிற்கால இலக்கணிகள் இலத்தீனின் ஆறு கால வாய்பாட்டைத் தம் மொழிக்கும் பொருத்திக்கொண்டபோது, அதற்கு அட்டவணையில் ஒரு கட்டம் கிடைத்தது. 'வேர்டென்' காலங்காட்டுவதே அன்று, பேசுவோரின் மனநிலையைக் காட்டும் துணைவினை என்று ஹைன்ஸ் ஃபாட்டர் 1975இல் வாதிட்டார். அறிஞரிடையே இன்றும் உடன்பாடு இல்லை. எமக்கு ஃபாட்டரின் பக்கம் வலுவாகத் தோன்றினும், தொடக்க நிலை மாணவரை இவ்வழக்கிற்குள் இழுக்க வேண்டா.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். எதிர்காலத்தை நிகழ்காலத்தாலேயே பேச இடம்தரும் ஜெர்மன் போன்ற மொழிகளைப் பேசுவோர் மிகுதியாகச் சேமிக்கின்றனர் என்று பொருளியலறிஞர் கீத் சென் 2013இல் எழுதினார். கேட்போரைக் கவரும் இக்கருத்து எங்கும் பரவியது. ஆயின் மொழிகளுக்கிடையே உள்ள உறவையும் கணக்கில் கொண்டால் அத்தொடர்பு மிகவும் தளர்கிறது என 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதை எழுதிய மூவருள் சென்னும் ஒருவர். தம் முடிவைத் தாமே மறுஆய்வு செய்த அவரது நேர்மை, முதற் கட்டுரை பரவிய அளவுக்குப் பரவவில்லை.

நம் மாணவர் வழுக்கும் இடங்கள் இரண்டே. ஒன்று, ஆங்கிலத்தில் எதிர்காலம் காட்டும் 'வில்'. ஜெர்மனிலும் 'வில்' உண்டு. ஆனால் 'இஹ் வில் கொம்மென்' என்றால் 'வர விரும்புகிறேன்' என்பதே பொருள். வருவதாக வாக்களித்துவிட்டோம் என்று மாணவர் நினைத்திருப்பார். கேட்டவரோ அவரது விருப்பத்தை மட்டுமே அறிந்திருப்பார்.

மற்றொன்று, முதலில் சொன்ன தாத்தாவின் கதை. தமிழ் எதிர்கால வினைமுற்று வழக்கத்தையும் பொது உண்மையையும் குறிக்கும். 'கதிரவன் கிழக்கில் உதிக்கும்' என்பதற்கு ஜெர்மனில் நிகழ்காலமே உரியது. சென்ற காலத்து வழக்கமாயின் இறந்தகால வினையோடு 'எப்போதும்' எனப் பொருள்படும் 'இம்மெர்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். தாத்தா அந்நாளிலேயே கதை சொல்லி முடித்துவிடுவார். எதிர்கால வினைமுற்றைக் கற்பிக்கும் நாளிலேயே, 'சொல்வார்' என்பது அன்றும் சொல்வார், இன்றும் சொல்வார், நாளையும் சொல்வார் என்று மூன்று தொடர்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். அதற்கு ஐந்து நிமிடமே செலவாகும்.

இனி உங்கள் ஐயங்களைக் கேட்கலாம். வணக்கம்.